முதுகில் இரண்டு தட்டு

1

நம் ஊர்ப் பத்திரிகைக்குப் பனிக்காலத்தைப் பற்றி எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். மரமும் கூரையும் வெள்ளையாக மூடிக் கிடப்பதைப் படங்களில் நீங்களே பார்த்திருப்பீர்கள், அதைச் சொல்ல நான் எதற்கு? எனக்கு எழுத வருவது பயத்தைப் பற்றித்தான். அதிலும் சைக்கிள் பயம். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். இங்கே என் வீட்டிலேயே இரண்டு பேர் சிரிக்கிறார்கள்.

நான் இருப்பது மேற்கு ஜெர்மனியில், ஹாலந்து எல்லையை ஒட்டிய ஒரு சின்ன ஊர். ஆஸ்பத்திரியில் நர்ஸ், எலும்பு முறிவு வார்டு. இந்த ஊரில் பாதிரியார் சைக்கிளில் போகிறார், பல் டாக்டர் சைக்கிளில் போகிறார், நிறைமாதக் கர்ப்பிணி சைக்கிளில் வந்து பிரசவத்துக்குப் படுத்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். மழை என்றால் மழையில், பனி என்றால் பனியில். வானம் இருட்டிக்கொண்டு வந்தால் நம் ஊரில் ஆடு மாடுகூட வீட்டுக்குத் திரும்பும். இவர்கள் ஒரு ரப்பர் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். நானும் அப்படித்தான் தினமும் வேலைக்குப் போகிறேன். போகிறேனே தவிர, ஒரு நாளும் பயமில்லாமல் போனதில்லை.

நவம்பர் மாதம் கல்லறைத் திருநாள் வரும் வாரத்தில் இந்தப் பயம் இரண்டு மடங்காகும். என் அப்பா இறந்துபோனதும் அந்த வாரத்தில்தான். இது இரண்டாம் வருஷம். கோயிலில் அவருக்காகப் பூசைக்குச் சொல்லிவிட்டு வந்த அதே வாரத்தில் பாலத்தில் அந்தச் சம்பவம் நடந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் பெங்களூர் ரோட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

2

எங்கள் வீடு பிள்ளைப்பாக்கத்தில், ஏரிக்கரைக்குக் கீழே. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனாவுக்குப் பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் ஓர் இரும்புப் பட்டறையில் வேலை, இரும்பை உருக்கி அச்சில் ஊற்றுகிற வேலை. நம் பக்கத்தில் அப்போது கம்பெனி என்று ஒன்றும் கிடையாது. மாதச் சம்பளம் வேண்டுமென்றால் பூந்தமல்லிக்கோ அம்பத்தூருக்கோ போக வேண்டும், போவதற்குச் சைக்கிள்தான். விடிகிற நேரத்தில் ரோட்டில் நம் ஊர்க்காரர்கள் நாலைந்து பேராவது முன்னும் பின்னுமாகப் போய்க்கொண்டிருப்பார்கள். ஹாண்டிலில் சோற்றுத் தூக்கு ஆடும். வழியில் தண்டலத்தில் சிஸ்டர்கள் நடத்திய பள்ளிக்கூடத்தில் என்னை இறக்கிவிட்டு நைனா போவார். பள்ளி திறக்க ரொம்ப நேரம் இருக்கும். கிணற்று மேடையில் உட்கார்ந்து வாய்ப்பாடு படிப்பேன், அல்லது தூங்குவேன்.

அந்த நாள் பெங்களூர் ரோடு ஒரு லாரி அகலத்துக்குத்தான் தார். இரண்டு பக்கமும் மண், மண்ணுக்கு அப்பால் புளியமரங்கள். தாரின் ஓரம் மண்ணைவிட ஒரு சாண் உயரம். பின்னால் ஹாரன் கேட்டால் சைக்கிள்காரன் இடது பக்கம் மண்ணில் இறங்கிவிட வேண்டும். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. உயிர் மேல் ஆசை இருந்தால் இறங்க வேண்டும், அவ்வளவுதான். ஹாண்டிலை லேசாகத் தூக்கி, சக்கரம் மடங்காமல் இறக்குவது கைப்பழக்கம். போலீஸ் எதற்கு இருந்தது என்றால், பூந்தமல்லி முனையில் விளக்கில்லாத சைக்கிளைப் பிடிப்பதற்கும், டபுள்ஸ் போகிறவர்களை இறக்கிவிடுவதற்கும், சைக்கிள் வரி கட்டியதற்கான பஞ்சாயத்து வில்லை இருக்கிறதா என்று ஹாண்டிலைத் தடவிப் பார்ப்பதற்கும்.

எல்லாக் காலமும் அந்த ரோட்டில் போயிருக்கிறோம். கத்திரி வெயிலில் தார் இளகி டயரில் ஒட்டிக்கொண்டு சரசரவென்று சத்தம் போடும். மார்கழியில் முன்னால் போகிறவரின் முதுகு மட்டும்தான் தெரியும். மழைக்காலம்தான் மோசம். சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு நைனா மிதிப்பார். அவர் முதுகோடு ஒட்டி நான் உட்கார்ந்திருப்பேன். இடது பக்கத்து மண் முழுக்கத் தண்ணீர் நிற்கும். எது மண், எது பள்ளம் என்று தெரியாது.

அப்படி ஒரு ஐப்பசிக் காலையில் இருங்காட்டுக்கோட்டை கிட்டே கூட்டம் நின்றது. எனக்கு எட்டு வயது இருக்கும். பச்சையப்பன் மாமா எங்கள் தெருக்காரர், நைனாவோடு அதே பட்டறையில் வேலை. அன்றைக்கு எங்களுக்குக் கொஞ்சம் முன்னால் கிளம்பியிருந்தார். அவர் மேல் ஓலைப்பாய் போட்டிருந்தது. இறங்குகிற இடம் தெரியாமல் தார்மேலேயே நின்றுவிட்டார் போலிருக்கிறது. எனக்குப் பாய்கூட அவ்வளவாக நினைவில்லை. யாரோ அவருடைய சைக்கிளைத் தூக்கி, புளியமரத்தடியில் ஸ்டாண்டு போட்டு, பூட்டும் போட்டு, தூக்கை ஹாண்டிலில் மாட்டி வைத்திருந்தார்கள். கடைக்குள் போனவர் இதோ திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போவார் என்பது மாதிரி நின்றது அந்தச் சைக்கிள். இன்றைக்கும் ஸ்டாண்டு போட்டு நிற்கிற சைக்கிளை நான் இரண்டாம் தரம் பார்ப்பதில்லை.

மறுநாள் நான் கேரியரில் ஏற மாட்டேன் என்று வாசற்காலைப் பிடித்துக்கொண்டேன். அம்மா ஒரு அறை விட்டாள். அப்படியும் விடவில்லை. அழுது அழுது வாந்தி எடுத்தேன். நைனா சைக்கிளை நிறுத்திவிட்டு என் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"எனக்கு மட்டும் பயமில்லன்னு நெனச்சிக்கினியா?" என்றார். "முதுவுல எனக்கு கண்ணு கீதா இன்னா? நீ பின்னால பாத்து சொன்னாதான் நான் தைரியமா மிதிப்பேன். லாரி வந்தா முதுவுல ஒரு தட்டு தட்டு. அது பூட்ச்சின்னா ரெண்டு தட்டு. நீ வரலன்னா இன்னிக்கி நான் எப்டி போறது, சொல்லு."

நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஏறினேன்.

அன்று முதல் எனக்கு அதுதான் உத்தியோகம். இரண்டு காலையும் இடது பக்கம் தொங்கவிட்டு, தலையைத் திருப்பிப் பின்னாலேயே பார்த்துக்கொண்டு வருவேன். கழுத்து ஒரு பக்கமாகச் சுளுக்கிக்கொள்ளும். தூரத்தில் புள்ளியாக ஒரு லாரி தெரிந்ததும் முதுகில் ஒரு தட்டு. சைக்கிள் மண்ணில் இறங்கும். லாரி புழுதியையோ சேற்றையோ எங்கள் மேல் வாரி இறைத்துவிட்டுப் போகும். இரண்டு தட்டு. மறுபடியும் தார். பயம் இருந்தது, ஆனால் பயப்பட நேரம் இருக்கவில்லை. நான் ஒரு கணம் அசந்தால் நைனா பாயின் கீழே படுத்துவிடுவார் என்று நம்பினேன். சில நாள் என் கை முதுகைத் தொடும் முன்பே முன்சக்கரம் மண்ணில் இறங்கிவிடும். நைனாவுக்கு என் கை வருவது எப்படியோ தெரிந்துவிடுகிறது என்று எனக்கு ஒரே பெருமை. சாயங்காலம் வீட்டில் பாய்போட்டுப் படுத்துக்கொண்டே, வயலுக்கு அந்தப் பக்கம் ரோட்டில் போவது லாரியா பஸ்ஸா என்று சத்தத்தை வைத்துச் சொல்வார். தங்கைகள் ஓடிப்போய்க் கரைமேல் ஏறிப் பார்த்துவிட்டு வந்து சரிதான் என்பார்கள்.

பிறகு நான் நர்ஸ் படிப்புக்கு ஹாஸ்டலில் சேர்ந்தேன். மடத்துச் சிஸ்டர்கள் மூலமாக ஜெர்மனிக்கு ஆள் எடுத்தபோது என் பெயரும் வந்தது. மீனம்பாக்கத்தில் நான் கேட்டது ஒன்றுதான், நைனா, இனிமேல் உனக்காகப் பின்னால் யார் பார்ப்பார்கள் என்று. பழகிக்கிறேன் என்றார். இங்கே வந்தபிறகு ஊரில் மழை என்று யார் எழுதினாலும் எனக்கு இடது பக்கத்து மண்தான் கண்ணில் வரும். யார் வீட்டுக்குத் தந்தி வந்தாலும் லாரி என்று நினைப்பேன். கடைசியில் வந்த தந்தியில் லாரி இல்லை, மஞ்சள் காமாலை. அது கைக்கு வரும்போது அடக்கம் முடிந்திருந்தது.

3

இருபது வயதுக்கு மேல் ஒரு பெண் சைக்கிள் கற்றுக்கொள்வதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இங்கே நர்ஸ் ஹாஸ்டல் முற்றத்தில் தலைச் சிஸ்டரே அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு சீட்டைப் பிடித்து ஓடி வந்தார். நான் பின்னால் உட்கார்ந்தே பழகியவள். முன்னால் பார் முன்னால் பார் என்று அவர் கத்துகிறார், என் தலை தானாகப் பின்னால் திரும்புகிறது. நேராகப் போய் ரோஜாச் செடியில் விழுந்தேன்.

பாஷையும் அப்படித்தான். எனக்குத் தெரிந்ததெல்லாம் வார்டு ஜெர்மன். முதல் வருஷம் டயரில் காற்று இறங்கிப்போனபோது சைக்கிள் கடைக்காரரிடம் போய், பின்சக்கரத்துக்கு ரத்த அழுத்தம் ரொம்பக் குறைவாக இருக்கிறது என்றேன். மனிதர் சிரிக்காமல் சக்கரத்தை அழுத்திப் பார்த்து, பிழைத்துக்கொள்ளும் என்றார். இன்றைக்கும் என்னைக் கண்டால் நோயாளி எப்படி இருக்கிறான் என்றுதான் கேட்பார்.

பாஷை ஒருவழியாக வந்துவிட்டது. கைதான் வரவில்லை. இங்கே வண்டிகள் வலது பக்கம் போகின்றன. சைக்கிள் ரோட்டின் வலது ஓரம். மூளைக்கு இது இரண்டே நாளில் தெரிந்துவிட்டது. ஆனால் பின்னால் ஒரு ஹாரன் கேட்டால் என் கைகள் மூளையைக் கேட்பதில்லை. இடது பக்கம் திருப்பிவிடுகின்றன. மண் இருக்கிற பக்கம் என்று அவற்றுக்கு நினைப்பு. இங்கே இடது பக்கத்தில் மண் இல்லை, வண்டிதான் வருகிறது. முதல் மாதத்திலேயே ஒரு தபால் வேன் முன்னால் போய் விழுந்தேன். ஒரு தடவை போலீஸ்காரர் நிறுத்தி, குடித்திருக்கிறீர்களா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். எங்கள் ஊரில் இப்படித்தான் இறங்குவோம் என்றேன். எங்கே இறங்குவீர்கள் என்றார். மண்ணில் என்றேன். அவர் என் வாயை முகர்ந்து பார்த்தார்.

நல்லவேளை, இந்த ஊரில் அதிகம் ஹாரன் அடிப்பதில்லை. அதனால்தான் பிழைத்துக் கிடந்தேன் என்று சொல்ல வேண்டும். எதிர்காற்றில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவேன். பனி உறைந்து ரோடு கண்ணாடியாகக் கிடக்கும் நாளில் காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே போவேன். வார்டுக்குள் நுழைந்தால், அதே ரோட்டில் விழுந்தவர்கள் காலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு எனக்குக் காலை வணக்கம் சொல்வார்கள். பயப்படுகிறவளுக்கு இதைவிடப் பொருத்தமான உத்தியோகம் கிடைக்குமா?

4

என் மகள் ஸ்டெல்லாவுக்குப் பத்து வயது. இங்கேயே பிறந்தவள். அவளுடைய தமிழ் எப்படி என்றால், சாப்பாடு வேண்டும்போது கொஞ்சம் வரும், கோபம் வந்தால் நன்றாக வரும், மற்ற நேரமெல்லாம் ஜெர்மன். நான் தமிழில் பயப்படுவேன். அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். வருகிற அந்தத் தமிழும் என் வாயிலிருந்து பிடித்தது, அதாவது நைனாவின் தமிழ். கீது, இன்னா, பூட்ச்சி என்று பொன்னிற முடிச் சிநேகிதிகளுக்கு நடுவில் அவள் பேசும்போது எனக்குச் சிரிப்பும் வரும், நைனா ஞாபகமும் வரும்.

இங்கே நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் போலீஸே பள்ளிக்கு வந்து சைக்கிள் பரீட்சை வைக்கிறது. மைதானத்தில் சுண்ணாம்பால் ரோடு போடுகிறார்கள். மணி, பிரேக், முன் விளக்கு, பின் விளக்கு எல்லாம் சோதிக்கிறார்கள். தேறிய பிள்ளையின் சைக்கிளில் ஒரு வில்லை ஒட்டுகிறார்கள். அதைப் பார்த்ததும் பூந்தமல்லி முனைதான் ஞாபகம் வந்தது. தேறிவிட்டால் பிள்ளை தனியாகப் பள்ளிக்குப் போகலாம். பரீட்சைக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். சம்மதமில்லை என்றால் காரணம் எழுதப் படிவத்தில் ஓர் இடம் விட்டிருந்தார்கள். நான் அதில் லாரி என்று எழுதி அனுப்பினேன். டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். எந்த லாரி என்று கேட்டார். எல்லா லாரியும் என்றேன். வகுப்பில் உங்கள் மகள் ஒருத்திதான் பரீட்சை எழுதாமல் மைதானத்து ஓரத்தில் நிற்பாள், பரவாயில்லையா என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். ஸ்டெல்லா வகுப்பிலேயே முதலாவதாகத் தேறினாள்.

பள்ளிக்குப் போகும் வழியெல்லாம் சைக்கிளுக்கென்று தனிப் பாதை இருக்கிறது, வாய்க்கால் பாலம் ஒன்றைத் தவிர. பாலம் குறுகலானது. பாதை அங்கே வந்ததும் ரோட்டில் சேர்ந்துவிடும். காலையில் அந்த நேரத்துக்குத்தான் பண்ணைகளிலிருந்து பால் ஏற்றிக்கொண்டு டாங்கர் லாரிகள் வரும். அவள் தனியாகப் போன முதல் நாளே நான் பின்னால் கிளம்பிவிட்டேன். கணவரின் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, தூரத்தில் மறைந்து மறைந்து போவேன். எங்கள் வீட்டை விட்டால் ஊரிலேயே மாநிறத்தில் யாரும் இல்லை, எனக்கு மாறுவேடம். என் கணவர் நெசவாலையில் இரவு ஷிப்டு முடித்துத் தூக்கக் கலக்கத்தோடு வருபவர், வாசலில் என்னைப் பார்த்துவிட்டு, என் கோட்டை எடுக்காமலாவது போயேன், குளிருகிறது என்பார். எனக்குச் சாயங்கால ஷிப்டு இருந்த வாரத்தில் தினமும் இப்படிப் போனேன். அவளுக்குத் தெரியாது என்று நினைத்தேன். அவள் வகுப்பு முழுக்கத் தெரியும் என்று பின்னால் சொன்னாள்.

5

அன்று மூடுபனி. இருபதடிக்கு அப்பால் ரோடு தெரியாத பனி. முன்னால் ஸ்டெல்லாவின் பின் விளக்கு ஒரு சிவப்புப் புள்ளியாக, நேராகப் போய்க்கொண்டிருந்தது. அந்தப் புள்ளியை விட்டுக் கண்ணை எடுக்காமல் மிதித்தேன். புள்ளி பாலத்தில் ஏறிற்று. நானும் பாலத்தின் வாய்க்கு வந்துவிட்டேன்.

அப்போது என் பின்னாலிருந்து ஹாரன்.

ஒரே ஒரு தடவைதான், மெதுவாகத்தான் அடித்தார் அந்த மனிதர். வருகிறேன் என்று சொல்வதற்கு. எனக்கு ஜெர்மனி இல்லை, பாலம் இல்லை, ஒன்றும் இல்லை. இருங்காட்டுக்கோட்டை புளியமரம்தான் இருந்தது.

"ஸ்டெல்லா, லாரி! எறங்கு, லெப்ட்ல எறங்கு!"

சொல்லி முடிக்கும் முன் என் கைகள் இடது பக்கம் திருப்பிவிட்டன. டாங்கரின் முன்னால் குறுக்கே போனேன், விழுந்தேன். விழும்போது என் கண் அந்தச் சிவப்புப் புள்ளியில்தான் இருந்தது. அது இடது பக்கம் நகர்ந்தது. என் பிள்ளை என் சொல்லைக் கேட்டு ரோட்டின் நடுவுக்குத் திரும்பியதை நான் தரையில் கிடந்தபடி பார்த்தேன். அந்த ஒரு கணத்தை எழுத எனக்குத் தமிழும் போதவில்லை, ஜெர்மனும் போதவில்லை. பிறகு புள்ளி தள்ளாடி, மறுபடியும் வலது ஓரத்துக்குப் போய் நின்றது.

டாங்கர் என் தலையிலிருந்து கை எட்டுகிற தூரத்தில் நின்றிருந்தது. எதிரில் ஒரு வண்டியும் வரவில்லை. அன்று எங்கள் இருவருக்கும் ஆயுசு கெட்டி. டிரைவர் குதித்து இறங்கி வந்து என் பக்கத்தில் மண்டியிட்டார். என்னைவிட இரண்டு மடங்கு பெரிய ஆள். எங்கே வலிக்கிறது என்று கேட்டார். நான் நர்ஸ் என்றேன், சம்பந்தமே இல்லாமல். திட்டுவார் என்று பார்த்தேன். வண்டிக்குள் ஏறி ஃபிளாஸ்க்கை எடுத்துவந்து மூடியில் காபி ஊற்றிக் கொடுத்தார். அவர் நடுங்கியதில் பாதி ரோட்டில் கொட்டியது, நான் நடுங்கியதில் மீதி கொட்டியது.

ஸ்டெல்லா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. என் முழங்காலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நல்ல தமிழில்தான் சொன்னாள்.

"லாரி வர்றது எனக்குத் தெரியும்மா. ஓரமாத்தான் போய்க்கினு இருந்தேன். நீ கத்துனதாலதான் திரும்புனேன். லாரின்னா எனக்கு பயமில்ல. நீ கத்துனாதான் பயமா கீது."

6

மறுநாள் முதல் சைக்கிள் கிடையாது என்று சொல்லிவிட்டேன். சைக்கிளை வைத்துப் பூட்டிய அறையின் சாவியை என் ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டேன். ஸ்டெல்லா நடந்து போனாள், பள்ளிக்குத் தாமதமாகப் போனாள், என்னோடு பேசவில்லை. நைனாவின் பூசைக்கு வந்தாள், மெழுகுவத்தி ஏற்றினாள், என் பக்கத்தில் உட்காராமல் அவள் அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். எனக்கு ஒன்று நன்றாகத் தெரிந்துபோயிற்று. அவளைப் போகவிட்டால் லாரி இருக்கிறது. போகவிட்டுப் பின்னால் போனால் நான் இருக்கிறேன். இரண்டில் எது அவளுக்கு அதிக ஆபத்து என்று யோசித்து யோசித்துத் தூக்கம் போயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சமையலறையில் என் முழங்கால் கட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா வந்து கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தாள். ஏன் இடது பக்கம் திரும்பச் சொன்னாய் என்று கேட்டாள், கோபமாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான். நான் முதல் தடவையாக அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். தார், மண், பச்சையப்பன் மாமா, ஸ்டாண்டு போட்ட சைக்கிள், ஒரு தட்டு, இரண்டு தட்டு. தாத்தாவுக்கு நான்தான் முதுகுக் கண் என்று சொல்லும்போது குரலில் பழைய பெருமைகூட வந்துவிட்டது. நான் வெளிநாடு வந்தபிறகு அவர் எப்படித்தான் அத்தனை வருஷம் கண்ணில்லாமல் ஓட்டினாரோ என்றேன்.

ஸ்டெல்லா பஞ்சை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"தாத்தாவுக்கு காது கேக்காதா?" என்றாள்.

"நல்லா கேக்கும்."

"அப்ப லாரி சத்தம் கேக்குமில்ல."

பஞ்சை வைத்த இடத்திலேயே என் கை நின்றுவிட்டது. பாயில் படுத்துக்கொண்டே வயலுக்கு அப்பால் போவது லாரியா பஸ்ஸா என்று சொன்ன மனிதர். விடியற்காலை ரோடு, ஓர் ஈ காக்கை சத்தமில்லாத ரோடு. லாரி எனக்குப் புள்ளியாகத் தெரிவதற்கு எவ்வளவோ முன்னால் அவருக்குக் கேட்டிருக்கும். என் கை வருவதற்கு முன் சக்கரம் இறங்கிய காலையெல்லாம் எனக்கு வரிசையாக ஞாபகம் வந்தது. இத்தனை வயதாகி, இத்தனை பேருக்கு எலும்பைச் சேர்த்துக் கட்டிவிட்டு, இந்தச் சின்ன விஷயம் எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. அவருக்கு என் கண் வேண்டியிருக்கவில்லை. வாசற்காலைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்த பிள்ளைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது.

கேக்கும் என்றேன். எதுக்கும்மா அழுவுற, ரொம்ப வலிக்குதா என்று ஸ்டெல்லா முழங்காலை ஊதினாள்.

7

திங்கட்கிழமை காலையில் சாவியை மேசைமேல் வைத்தேன். ஸ்டெல்லா அதை எடுக்கவில்லை. ரொட்டியைத் தின்றுகொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"நீ பாலம் வரைக்கும் வாம்மா. அங்க நின்னு பின்னால பாரு. லாரி வந்தா ஒரு பெல்லு அடி, நான் நின்னுக்கறேன். ஒண்ணும் வரலன்னா ரெண்டு பெல்லு. அப்பறம்தான் நான் பாலத்துல ஏறுவேன். ஆனா கத்தக்கூடாது."

சரி என்றேன். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு தேநீர் ஊற்றினேன்.

அன்றும் பனி இருந்தது, ஆனால் மெல்லிசாக. என் சொந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு, முக்காடு இல்லாமல், அவள் கூடவே போனேன். பாலத்தின் வாயில் இருவரும் இறங்கினோம். அவள் முன்னால் நின்றாள். நான் சைக்கிளைத் திருப்பி, வந்த வழியைப் பார்த்து நின்றேன். ரோடு வெறிச்சென்று கிடந்தது. கண்ணை இடுக்கிக்கொண்டு, கழுத்து சுளுக்கும்வரை பார்த்தேன். ஒன்றும் இல்லை. மணியில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, அவளைத் திரும்பிப் பார்த்தேன்.

அவள் கிளம்பிவிட்டிருந்தாள். நான் மணி அடிக்கும் முன்பே முன்சக்கரம் பாலத்தில் ஏறியிருந்தது.

நான் அதைப் பார்க்காதது மாதிரி இரண்டு தடவை மணி அடித்தேன். ஸ்டெல்லா திரும்பாமலே ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனாள். சிவப்புப் புள்ளி ஓரமாக, நேராகப் போய்ப் பனிக்குள் மறைந்தது. பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். அப்படியேதான் இருக்கிறது, நாளைக்கும் இருக்கும். நாளைக்கும் அந்த இடத்துக்குப் போய் நின்று மணி அடிப்பேன்.